அமர்பணி வலி: வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரம்

அமர்பணி வலி என்பது, மேசை முன்போ இயந்திரத்தின் முன்போ நெடுநேரம் அமர்ந்து ஒரே வகை அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கழுத்து, தோள், இடுப்பு, மணிக்கட்டு, விரல்கள் ஆகியவற்றில் உண்டாகும் வலியையும் மரத்துப்போதலையும் வலுவிழப்பையும் குறிக்கும். அடிபட்டோ கீழே விழுந்தோ வருவதல்ல. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் சேர்ந்து வருவது. கணினி முன் அமர்வோரின் நோயாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டி அமைந்த தோல் தொழில் வட்டாரத்தில் கணக்கு எழுதுபவரும் ஷூ தைப்பவரும் ஒரே வளாகத்தில், ஒரே வகை வலியோடு வேலை செய்கிறார்கள்.

இவ்விருவரையும் சேர்த்துப் பார்ப்பது புதிதல்ல. தொழில்சார் மருத்துவத்தின் முன்னோடியான இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி, தொழிலாளர் நோய்கள் பற்றி 1700இல் வெளியிட்ட நூலில் செருப்புத் தைப்போரையும் தையற்காரர்களையும் குனிந்தே உட்கார்ந்திருப்பதால் நோயுறுவோர் என்று விவரித்தார். 1713இல் வந்த விரிவான பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார். எழுத்தர்களின் துன்பத்துக்கு அவர் கூறிய காரணங்கள் மூன்று: ஓயாது உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டே இருப்பது, தவறு நேர்ந்துவிடுமோ என்ற மன இறுக்கம். பேனாவின் இடத்தில் விசைப்பலகை வந்திருக்கிறது. காரணங்கள் அப்படியே இருக்கின்றன.

வட்டாரமும் வேலைகளும்

ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் சென்றன. பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கிவிட்டது. தோல் பதனிடுதலில் தொடங்கிய இந்த ஊர்களின் தொழில், பின்னர் முழுக் காலணியாகவும் காலணியின் மேல்பகுதியான 'அப்பர்' ஆகவும் விரிந்தது. பதனிடும் ஆலைகளின் ஆபத்துகளான குரோமியம், விஷவாயு, கழிவுநீர் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஷூ கம்பெனிகளில் உட்கார்ந்தே வேலை செய்பவர்களின் வலி அந்த அளவுக்குக் கண்ணில் படுவதில்லை. அதில் யாரும் சாவதில்லை என்பது ஒரு காரணம். வலிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் மற்றொரு காரணமாகச் சொல்லலாம்.

அமர்பணி செய்பவர்களை இங்கு மூன்று வகையாகப் பார்க்கலாம். முதல் வகை அலுவலகத்தார்: கணக்கர், ஏற்றுமதி ஆவணம் தயாரிப்பவர், வெளிநாட்டு வாங்குவோருடன் பேசும் மெர்ச்சண்டைசர், கணினியில் மாதிரி வரைபவர். இரண்டாம் வகை தையல் கூடத்தார். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவது, துண்டுகளை ஒட்டி மடிப்பது, இயந்திரத்தில் தைப்பது, மிஞ்சிய நூலை வெட்டுவது ஆகியவை இவர்கள் வேலை. தலை குனிந்தே இருக்கும், வலது கால் பெடலில் இருக்கும், கண் ஊசியை விட்டு நகராது. மூன்றாம் வகை, வீட்டிலேயே தரையில் அமர்ந்து கையால் அப்பர் தைக்கும் பெண்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் இவர்களுக்கு மேசையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது.

வலி உண்டாகும் விதம்

இதை விளக்குவதற்கு வேலூரிலேயே நடந்த ஒரு மருத்துவ ஆய்வு உதவுகிறது. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சி.எம்.சி.யில், பணியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் தேய்ந்து குறைவதற்கு, நோய்க்கிருமி சதையை நேரடியாகத் தின்றுவிடுவதே காரணம் என்று அப்போது நம்பப்பட்டது. வலியுணர்வு இழந்த கை கால்கள் அன்றாடக் காயங்களாலேயே அழிகின்றன என்பதை அவரும் உடன் உழைத்தவர்களும் காட்டினர். பின்னர் அமெரிக்காவில் அவர் செய்த சோதனை ஒன்று நம் பொருளுக்கு நேரே பொருந்தும். ஒருமுறை பட்டால் எந்தக் கேடும் செய்யாத மிதமான அழுத்தத்தை, எலியின் பாதத்தில் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை, நாள் தவறாமல் கொடுத்தால் அவ்விடம் முதலில் சிவந்து வீங்கி, சில நாட்களில் புண்ணாகிறது. கேட்டை உண்டாக்குவது விசையின் அளவு மட்டுமல்ல, அது ஓய்வில்லாமல் திரும்ப வருவதும்தான்.

உணர்வுள்ள மனிதர் இதிலிருந்து தம்மை அறியாமலே தப்பிக்கிறார். நெடுந்தூரம் நடக்கும்போது பாதத்தின் ஒரு பக்கம் சூடேறினால் நடையை மாற்றி மறுபக்கம் அழுத்துகிறோம். உட்கார்ந்திருக்கும்போது நெளிகிறோம், காலை மாற்றிப் போடுகிறோம். தையல் வரிசையில் அமர்ந்திருப்பவரால் அப்படி நெளிய முடியாது. மணிக்கு இத்தனை ஜோடி என்ற கணக்கு அவரை அந்த நிலையிலேயே கட்டிவைக்கிறது. கணக்கர்களுக்கு மாதக் கடைசியும் மெர்ச்சண்டைசருக்கு கப்பல் ஏற்றும் தேதியும் இதே வேலையைச் செய்கின்றன. உடல் எச்சரிக்கிறது, ஆனால் அதன்படி நடக்க இடமில்லை.

எனவே 'சரியான தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் வலி வராது' என்று சொல்லப்படுவது அரை உண்மையே. எவ்வளவு நல்ல தோரணையும் மூன்று மணிநேரம் அசையாமல் நீடித்தால் கெட்ட தோரணைதான். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மறுவாழ்வு நிலையம் 1966இல் தொடங்கப்பட்டது. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவரும், 1972இல் பத்மஸ்ரீ பெற்றவருமான மருத்துவர் மேரி வர்கீஸ் அதை உருவாக்கியவர். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குக் கற்றுத்தரப்படும் முதல் பாடங்களில் ஒன்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையை ஊன்றி உடலைத் தூக்கி இருக்கையின் அழுத்தத்தை மாற்றுவது. வலி சொல்லித் தராது என்பதால் கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிறார்கள். உணர்வு இருந்தும் அதைக் கேட்க நேரமில்லாதவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

எந்த வேலைக்கு எந்த வலி

கழுத்தும் தோளும்தான் மிகப் பொதுவான இடங்கள். குனிந்த தலையைத் தாங்கும் பின்கழுத்துத் தசைகளும், தூக்கிய கைகளைத் தாங்கும் தோளின் மேல்தசையும் நாள் முழுதும் இறுகியே இருப்பதால் மாலையில் பாரமாகவும் எரிச்சலாகவும் வலிக்கும். பின்மண்டைத் தலைவலியாகவும் இது வெளிப்படலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிட்டப்பார்வை மங்கியிருப்பவர் ஊசியைப் பார்க்க மேலும் குனிவார். இவருக்கு வேண்டியது தைலமல்ல, படிக்கும் கண்ணாடி. அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கண்ணாடி கொடுத்ததாலேயே பறிக்கும் இலையின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது. கம்பெனி முதலாளிகளிடம் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க கணக்கு.

இடுப்பு வலி அலுவலகத்தாருக்கும் தையல் கூடத்தாருக்கும் பொது. முதுகு சாயாத ஸ்டூலில் அமர்பவர்களுக்கும், பெடல் மிதிக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருபவர்களுக்கும் அதிகம்.

மணிக்கட்டில் வருவதில் முக்கியமானது மணிக்கட்டுக் குகை நோய். மருத்துவர்கள் இதைக் கார்ப்பல் டனல் என்பார்கள். மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில் விரல்களை மடக்கும் தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. அங்கு வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. நள்ளிரவில் விழித்துக்கொண்டு கையை உதறினால் சற்றுத் தெளிவது இதன் தனி அடையாளம். தட்டச்சு செய்வதால்தான் இது வருகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதற்கான சான்று வலுவற்றது. அழுத்திப் பிடிப்பதும் அதிர்வும் சேர்ந்த வேலைகளுக்கான சான்றே வலுவானது. அதாவது விசைப்பலகைக்காரரைவிட, தோலைச் சீவுபவரும் கையால் தைப்பவரும் இதற்கு ஆளாகும் வாய்ப்பு கூடுதல். நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகியவையும் இதைக் கொண்டுவரும்.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக வலித்தால் அது பெரும்பாலும் டி குவெர்வெயின் நோய். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து மருத்துவரின் பெயர் இது. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் சுரீரென்று வலிக்கும். நாள் முழுதும் நூல் வெட்டும் கத்தரி பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் துணி பிழிபவர்களுக்கு இது ஆறவே நேரமில்லை. விரல் மடங்கிய நிலையில் சிக்கி, 'டக்' என்ற சத்தத்துடன் விடுபடுவது விசைவிரல். அதுவும் கத்தரிப் பிடியால் வருவதுண்டு.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

இடுப்பு வலியோடு சிறுநீர் அடைப்போ கட்டுப்பாடு இழப்போ, தொடை இடுக்கில் மரத்துப்போதலோ, இரு கால்களிலும் பலவீனமோ தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நரம்புக் கொத்து நசுங்கும் நிலை அது. ஒரு நாள் தாமதமும் நிரந்தரப் பாதிப்பாகலாம். பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பதும், கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போவதும் நரம்பு கெட்டுவருவதன் அடையாளங்கள்.

மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, பசியின்மை ஆகியவற்றுடன் வாரக்கணக்கில் நீடிக்கும் முதுகு வலியை உட்கார்ந்து வேலை செய்வதால் வந்தது என்று ஒதுக்கக் கூடாது. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அரிதல்ல. அதேபோல், நடந்தால் கூடி நின்றால் தணியும் இடது தோள் வலி இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம்.

சிகிச்சை

புதிதாக வந்த இடுப்பு வலியும் கழுத்து வலியும் பெரும்பாலோருக்கு ஆறு வாரங்களுக்குள் தணிந்துவிடும். மேற்சொன்ன அறிகுறிகள் இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுக்கத் தேவையில்லை. வலியே இல்லாதவர்களின் படத்திலும் டிஸ்க் தேய்மானம் தெரியும். அதைப் பார்த்துப் பயந்துபோய் அசையாமல் கிடப்பவர்களுக்கு வலி நீடிப்பதுதான் நடக்கிறது. படுக்கை ஓய்வு ஓரிரு நாளுக்கு மேல் தீங்கே செய்யும். வலி தாங்கும் அளவுக்கு நடப்பதும், வழக்கமான வேலைகளை மெல்லச் செய்வதும் மருந்துக்கு நிகர்.

உலகில் 2020இல் ஏறத்தாழ 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்ட உலக சுகாதார நிறுவனம், நாள்பட்ட இடுப்பு வலிக்கான முதல் வழிகாட்டுதலை 2023 டிசம்பரில் வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, உடற்பயிற்சி, மனவழிச் சிகிச்சை, மசாஜ் போன்ற சில கைமுறைகள், தேவையானால் வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை ஆகியவற்றை அது ஏற்கிறது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுத்தல், அபின் வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் ஊர் மருந்துக்கடைகளில் அதிகம் விற்பதும் நோயாளிகள் நம்பி வாங்குவதும் அந்த பெல்ட்தான்.

கழுத்து, தோள் வலிக்கு நீட்டுப் பயிற்சியைவிடத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியே நீடித்த பயன் தருகிறது. டென்மார்க்கில் அலுவலகப் பணியாளர்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ரப்பர் பட்டையைக் காலால் மிதித்துக் கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கும் ஒரே பயிற்சியை, நாளுக்கு 2 நிமிடம், வாரம் 5 நாள், 10 வாரம் செய்தவர்களுக்கும் வலி குறைந்தது. 12 நிமிடம் செய்தவர்களுக்கும் குறைந்தது. ரப்பர் பட்டை இல்லாவிட்டால் கைக்கொன்றாக அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி ஒரு லிட்டருக்கு உயர்த்தலாம். இரண்டு நிமிடம் என்பதுதான் இதன் சிறப்பு. வீட்டு வேலை முடித்து, கம்பெனி பஸ் பிடித்து, திரும்ப வந்து சமைக்கும் பெண்ணிடம் அரைமணி நேர உடற்பயிற்சி சொல்வது வெறும் பேச்சு. இடுப்புக்கு, ஒவ்வொரு முறை எழும்போதும் கைகளை இடுப்பில் ஊன்றி ஐந்தாறு தடவை மெல்லப் பின்னால் வளைவது எளிது. காலுக்கு இறங்கும் வலி அதனால் கூடினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பார்க்க வேண்டும்.

மணிக்கட்டுக் குகை நோயின் தொடக்கத்தில் இரவில் மட்டும் பட்டை கட்டிப் படுப்பது போதும். குறைந்தது ஆறு வாரம் தொடர வேண்டும். கடையில் கிடைக்கும் பட்டைகளில் பல, கையை மேல்நோக்கி வளைத்தே வைக்கின்றன. அது நரம்பின் மேல் அழுத்தத்தைக் கூட்டும். உள்ளிருக்கும் உலோகத் தகட்டை உருவி, நேராக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அதில் தணியாவிட்டால் மணிக்கட்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நிவாரணம் தரும். மரத்துப்போதல் நிலையாகிவிட்டாலோ சதை வற்றத் தொடங்கினாலோ அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்து, நரம்பை அழுத்தும் பட்டையை வெட்டிவிடும் சிறிய அறுவை இது. தையல் இரு வாரத்துக்குள் பிரிக்கப்படும். மேசை வேலைக்கு விரைவில் திரும்பலாம். இறுகப் பிடிக்கும் வேலைக்கு ஒன்றரை மாதம் ஆகும். தினக்கூலிக்காரருக்கு இந்த வேறுபாடு பெரிது என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டி குவெர்வெயினுக்குக் கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டையும் ஊசியும் பெரும்பாலும் போதுமானவை.

வலி மாத்திரைகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. டைக்ளோஃபெனாக் போன்றவற்றைச் சாப்பாட்டுக்குப் பின் சில நாட்கள் எடுப்பது சரி. ஷிப்ட் தொடங்கும் முன் தினமும் ஒன்று போட்டுக்கொண்டு உட்காருவது வேறு. இரைப்பைப் புண்ணும் இரத்த அழுத்த உயர்வும் சிறுநீரகப் பாதிப்பும் அதன் விளைவுகள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், கழிப்பறைக்கு எழ வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர் இதை எடுத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடும். அதைவிட, பிராண்ட் கண்டறிந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்: எச்சரிக்கையை மட்டும் அணைத்துவிட்டு அதே அசைவைத் தொடர்ந்தால் காயம் மறைவாக வளரும். 'நரம்பு ஊசி' என்று போடப்படும் பி12, அச்சத்துக் குறைபாடு உள்ளவருக்கே பயன் தரும். வலி மாயமாய் மறைந்தால் அந்தப் பெயரில்லாப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும்.

ஒத்தடத்தையும் எண்ணெய் தேய்ப்பதையும் தள்ள வேண்டியதில்லை. சூடு தசை இறுக்கத்தைத் தளர்த்தும். பயிற்சிக்கு முன் கொடுத்தால் அசைவது எளிதாகும். எலும்பு முறிவுக்கு ஆந்திரத்தின் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வது இப்பகுதியில் பழைய வழக்கம். அசையாமல் இருந்ததால் வந்த வலியை மேலும் அசையாமல் கட்டிவைப்பதில் பயனில்லை. கழுத்தைச் சட்டென்று திருகி எலும்பைச் சொடுக்குவது தவிர்க்கப்பட வேண்டியது.

இருக்கையும் இடைவேளையும்

முழங்கை மேசை உயரத்தில் இருக்கும்படி நாற்காலியை உயர்த்துவதும், அதனால் கால் தொங்கினால் பலகை வைப்பதும் முதல் படி. அலுவலகத்தில் மடிக்கணினியைப் பெட்டி மேல் வைத்துத் தனி விசைப்பலகை சேர்த்தால் கழுத்து நிமிரும். தையல் கூடத்தில் இயந்திர மேசையைத் தைப்பவர் பக்கம் சற்றுச் சாய்த்தால் குனிவது குறையும். முதுகு சாயும் நாற்காலி, கூர் மழுங்காத கத்தரி, ஊசிமுனைக்கு நல்ல வெளிச்சம் எல்லாம் செலவு குறைந்தவை. தரையில் அமர்ந்து தைப்பவர் சுவரில் சாய்ந்து, வேலையை மடியில் தலையணை மேல் வைத்துக்கொள்ளலாம்.

அரைமணிக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து நிற்பது இவை அனைத்தையும்விட முக்கியம். வரிசையில் இருப்பவர்களை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை வேறு அசைவுள்ள வேலைக்கு மாற்றுவதும் பயன் தரும். ஒட்டுபவரை நூல் வெட்ட அனுப்பினால் அது மாற்றமாகாது; இரண்டிலும் உழைப்பது அதே கட்டைவிரல்.

சட்டமும் ஈ.எஸ்.ஐ.யும்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டும் என்றது. தொடர்ந்து 5 மணிநேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது என்றும் வரம்பிட்டது. கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021இல் சட்டமாக்கியது. உட்கார்ந்தே இருப்பவர் எழுந்து நிற்கும் உரிமையைப் பற்றி இவை பேசவில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் மணிக்கட்டுக் குகை நோயும் கட்டைவிரல் தசைநாண் அழற்சியும் இடம்பெற்றுள்ளன. இந்தியாவின் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் குரோமியத்தால் வரும் நோய் இருந்தது, இவை இருக்கவில்லை. இதன் விளைவு பணக்கணக்கில் தெரியும். பணிக் காயமாக ஏற்கப்பட்டால் ஈ.எஸ்.ஐ.யில் தற்காலிக ஊனப் பயனாகக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோயாகப் பதிந்தால் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரை.

ஆனாலும் அந்த 70 சதவீதத்தைக் கேட்டு வாங்காமல் விடுபவர்களே அதிகம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து 0.75 சதவீதப் பிடித்தம் நடப்பவருக்கு, வேலூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் உள்ளூர் மருந்தகங்களிலும் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. சம்பளமில்லா விடுப்பாகப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவரிடம் 'கை வலி' என்று மட்டும் சொல்லாமல், என்ன வேலை, எந்தக் கை, நாளுக்கு எத்தனை மணிநேரம், இரவில் விழிப்பு வருகிறதா என்பதைச் சொல்லி, வேலையின் பெயரையும் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். இலகு வேலை தரும்படி பரிந்துரை எழுதித் தரவும் கேட்கலாம். வீட்டில் தைக்கும் பெண்களின் பெயர் எந்தக் கம்பெனிப் பதிவேட்டிலும் இருப்பதில்லை என்பதால் ஈ.எஸ்.ஐ. அவர்களுக்குக் கிடைப்பதில்லை. அவர்கள் அரசுத் தலைமை மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவுக்குச் செல்லலாம். வேலைநேரம் தங்கள் கையில் இருப்பது மட்டும் அவர்களுக்கு உள்ள ஒரு வசதி: ஒரு ஜோடி முடிந்ததும் எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.